நரம்பினுள் தோன்றும் மூட்டுக்கட்டி: ஒரு கொள்கையின் வரலாறு

'நரம்பு' என்னும் சொல் பண்டைத் தமிழில் யாழின் நாணையும், மெலிந்த உடலிற் புடைத்துத் தோன்றும் நாளங்களையும் குறித்தது. கிரேக்கரின் 'நியூரான்' என்பதும் முதற்கண் தசைநாணையும் வில்லின் நாணையும் உணர்த்தியதே. 'கங்கிலியன்' என்னும் சொல்லோ இன்றும் இருபொருள் தாங்கி நிற்கின்றது. இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களில் அது கூழ்போன்ற பொருளடங்கிய கட்டியாகும். கேலன் அப்பெயரை நரம்பின் இயல்பான முடிச்சுக்கும் வழங்கினார். மூட்டருகே தோன்றுவதாகிய இக்கட்டி நரம்பின் உறைக்குள்ளேயே காணப்பட்டபோது, அதன் பிறப்பிடம் யாது என்னும் வினா எழுந்தது.

பிரான்சில் 1810இல் பொசேன் என்பார் முழங்கையருகே உள்ள அல்நார் நரம்பில் இத்தகைய கட்டியைக் கண்டார். முழங்காலருகே பெரோனியல் நரம்பில் அமைந்த கட்டியைச் சுல்தான் என்பார் 1921இல் செருமன் மொழியில் எழுதினார். பின்வந்தோர் பலர், நரம்புறை தானே சிதைந்து கூழாகிக் கட்டியாகின்றது என்றனர். கட்டி நரம்பினுள் இருத்தலின் நரம்பிலேயே பிறந்தது என்று கொண்டனர் போலும். இருக்குமிடத்தைப் பிறப்பிடமாகக் கொள்ளும் இவ்வழு சொல்லாராய்ச்சியிலும் அரிதன்று.

இதனால் நோயாளர் உற்ற இடர் சிறிதன்று. கட்டி நரம்பிழைகளை நெருக்குதலால் பாதத்தை மேலே தூக்கும் ஆற்றல் குன்றும். நடக்குங்கால் முன்பாதம் தொங்கும். மருத்துவர் நரம்பைத் திறந்து கூழை அகற்றுவர். ஆயினும் சிலர்க்குக் கட்டி மீண்டும் தோன்றியது.

அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவ நிலையத்தைச் சார்ந்த இராபர்ட் சுபின்னரும் துணைவரும் 2003இல் வேறொரு விளக்கம் தந்தனர். கணைக்காலின் இரு எலும்புகளும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, புறத்தே, ஒரு சிறு மூட்டாற் பொருந்துகின்றன. பெரோனியல் நரம்பு தன் மெல்லிய கிளையொன்றை அம்மூட்டிற்கு அனுப்புகின்றது. மூட்டின் உறையிற் கீறல் உண்டாயின் மூட்டுநீர் அக்கிளையின் உறைக்குள் நுழைந்து, தடை குறைந்த வழியே ஏறித் தாய்நரம்பை அடையும். ஏற்றம் மிகின், தொடையில் சயாட்டிக் நரம்பு இரண்டாகப் பிரியும் இடத்தையும் எட்டும்; ஆண்டிருந்து மற்றைக் கிளையாகிய டிபியல் நரம்பினுள் இறங்குதலும் உண்டு. முழங்காலின் புறத்தே பிறந்த நீர் பின்புற நரம்பில் தோன்றும் விந்தைக்கு இதுவே காரணம் என்றனர்.

பழைய அறிக்கைகள் பலவற்றில் மூட்டுத்தொடர்பு குறிக்கப்படவில்லையே எனின், அக்கிளை மிக நுண்ணியது, தேடாதார்க்குப் புலப்படாது. காந்தப் படங்களும் அறுவையும் அத்தொடர்பைக் காட்டியமையே இக்கொள்கையின் வலிமை. ஒவ்வாதாரும் உளர், எனினும் மீளத் தோன்றும் கட்டிகளுக்கு அவர்தம் கொள்கை தரும் விளக்கம் நிறைவுடையதாகத் தோன்றவில்லை. கூழை அகற்றுவதோடு நில்லாது அம்மூட்டுக்கிளையைத் துண்டித்தலும், மூட்டையே கவனித்தலும் இக்கொள்கையின் பயனாக வந்த முறைகளாம்.

பொசேன் கண்ட கட்டி பாரிசு நகரின் துப்புயித்திரன் அருங்காட்சியகத்திற் பேணப்பட்டு வந்தது. சுபின்னர் குழுவினர் அதனை மீண்டும் ஆராய்ந்து, அதுவும் மூட்டின்வழி வந்ததே என 2008இல் எழுதினர்.