பெயர் ஒன்று, பொருள் வேறு: கணினிச் சின்னங்களின் கதை

கணினித் திரையில் நேயர்கள் காணும் சின்னஞ்சிறு உருவங்கள் பெரும்பாலும் கோப்புகளில் உறைபவை. கோப்பின் பெயருக்கு இறுதியில் ஒரு புள்ளியும் மூன்றெழுத்தும் நிற்கும். உள்ளிருப்பது இன்னதென அறிவிப்பது அம்மூன்றெழுத்தின் கடமை. 1981இல் வெளிவந்த எம்.எஸ். டொஸ் இம்முறையைத் தனக்கு முந்திய சி.பி.எம். என்னும் இயங்குதளத்தைப் பின்பற்றி ஏற்றது. விண்டோஸ் அதனையே தொடர்ந்தது. 1984இல் வந்த மக்கின்டொஷ் கணினியோ கோப்பின் இனத்தைப் பெயரோடு சேர்க்காது, நான்கெழுத்துக் குறியாகத் தனியே பேணிற்று. மேலான ஏற்பாடு அதுவே. எனினும் உலகம் மற்றதையே பெரிதும் கைக்கொண்டது.

பெயரை எவரும் மாற்றலாம். மாற்றியதனால் உள்ளீடு மாறிவிடுவதில்லை. சின்னங்களுக்குரிய ஐ.சி.ஓ. கோப்பு 0, 0, 1, 0 என்னும் எண்களோடு தொடங்கும். மூன்றாம் எண் 2 ஆயின் அது சின்னமன்று, சுட்டியின் உருவம். 1996இல் வரையறுக்கப்பெற்ற பி.என்.ஜி. படமோ 137, 80, 78, 71 எனத் தொடங்கும். இவற்றுள் பின் மூன்றும் பி, என், ஜி என்னும் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களே. ஆகவே பி.என்.ஜி. படத்துக்கு ஐ.சி.ஓ. என்று பெயர் சூட்டினால், பெயரை நம்பும் மென்பொருள் திகைத்து நிற்கும். 2007இல் பொதுமக்களை வந்தடைந்த விண்டோஸ் விஸ்டா, ஐ.சி.ஓ. கோப்பின் உள்ளே பி.என்.ஜி. படத்தை வைக்க இடமளித்தது. பெட்டியினுள் படம் இருப்பது வேறு. பெட்டியே இல்லாத படம் வேறு.

பெயரை விடுத்து முதலெண்களைப் பார்க்கும் வழி பழையது. யுனிக்ஸ் இயங்குதளத்தில் 1973இலேயே அதற்கென ஒரு கட்டளை இருந்தது. ஆயினும் உள்ளே பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. அசையும் சுட்டிகளின் கோப்பைப் படிக்கும் விண்டோஸ் பகுதியில் இருந்த குறையொன்று 2005இல் திருத்தப்பட்டது. ஆனால் அத்திருத்தம் கோப்பின் முதலாவது தலைப்புப் பகுதியின் நீளத்தை மட்டுமே சோதித்தது, இரண்டாவதைச் சோதிக்கவில்லை. 2007இல் தீயோர் அத்தகைய கோப்புகளுக்கு ஜே.பி.ஜி. என்று பெயரிட்டு இணையத்தில் உலவவிட்டனர். விண்டோஸ் பெயரைப் பாராது உள்ளீட்டை இனங்கண்டது. இனங்கண்டமையாலேயே வலையில் வீழ்ந்தது. மைக்ரோசொப்ற் நிறுவனம் வழமையான மாதாந்த நாளுக்குக் காத்திராது, ஏப்ரில் 3ஆம் நாள் இரண்டாம் திருத்தத்தை வெளியிட்டது.