கூடாரம்

"சித்தி என்ன சொன்னாங்களோ அதை மட்டும் சொல்லுங்க தம்பி. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு அப்புறம் கேட்டுக்கறேன்."

பத்து வருடங்களுக்கு முன், ஒரு மனநல மருத்துவமனை வார்டில் ஒரு நர்ஸ் என்னிடம் சொன்னது. சித்தி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "ரொம்ப அடம் சிஸ்டர்" என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. "சோத்துல யாரோ எதையோ கலக்குறாங்கன்னு சொன்னாங்க" என்றேன். அதை எழுதிக்கொண்டார். என் தொழில் பாஷையில் சொன்னால், பக் ரிப்போர்ட் கேட்டவரிடம் நான் தீர்ப்பைக் கொடுத்திருந்தேன்.

அங்கே நோயாளியுடன் உறவினர் ஒருவர் தங்கியே ஆக வேண்டும். ஆள் பற்றாக்குறைக்கு எங்களை வைத்து ஒப்பேற்றுகிறார்கள் என்றுதான் அப்போது எரிச்சல்பட்டேன். அந்த விதிக்கு ஒரு வரலாறு இருப்பது பிறகே தெரிந்தது.

மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' கதையில் வரும் பரிமாற்றம் நிஜத்திலும் நடந்தது. 1950-ல் லாகூர் மனநோய் மருத்துவமனையிலிருந்து இந்து, சீக்கிய நோயாளிகள் அமிர்தசரஸுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த அமிர்தசரஸ் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் டாக்டர் வித்யாசாகர், ஐம்பதுகளில் ஒரு காரியம் செய்தார். வளாகத்துக்குள்ளேயே கூடாரங்கள் அடித்து, நோயாளிகளோடு குடும்பங்களையும் தங்கவைத்தார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அதுவரை மனநோய் விடுதி என்றால் உயர்ந்த மதில், பூட்டு. கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடலாம். 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே நம்மிடம் வசைச்சொல் ஆனதற்குக் காரணம் அந்த மதில்தான். கூடாரத்தில் இருப்பவரோ, நேற்று கத்திய தம்பி இன்று குளித்துத் தலைவாரிக்கொள்வதைக் கண்ணால் பார்ப்பார். பக்கத்துக் கூடாரத்துக்காரரிடம் பேசுவார். பேய், சாபம் என்று நினைத்தது நோய் என்று புரியும். 1957-ல் வேலூர் பாகாயத்தில் தொடங்கிய சிஎம்சி மனநல மையமும் உறவினர் உடன் தங்குவதையே தன் முறையாக்கிக்கொண்டது.

சுவாரசியம் என்னவென்றால், ஏறக்குறைய அதே காலத்தில் லண்டனில் இதற்கு நேரெதிரான ஒன்று தெரியவந்தது. மருத்துவமனையிலிருந்து வெளியே போன நோயாளிகள் பிறகு என்ன ஆனார்கள் என்று சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் சகாக்களும் ஆராய்ந்து 1958-ல் வெளியிட்டார்கள். வாடகை அறைக்குப் போனவர்களைவிட, பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்கள் மோசமாக இருந்தார்கள். அப்படியென்றால் குடும்பம்தான் வியாதியா? பிரவுன் அங்கே நிற்கவில்லை. உறவினர்களைப் பேசவைத்து, நோயாளியைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்தார்கள். குறை சொல்வது, வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்வது. வார்த்தைகளோடு குரலின் தொனியையும் கணக்கில் எடுத்தார்கள். இவை அதிகமிருந்த வீடுகளில் நோய் அதிகம் திரும்பி வந்தது.

"ரொம்ப அடம்." நான் எந்தத் தொனியில் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

குடும்பத்தைப் புனிதமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. எங்கள் வார்டில் உடன் தங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இரவெல்லாம் விழித்தவர்களிடம் 'நீங்க தூங்குனீங்களா' என்று கேட்டது அந்த ஒரு நர்ஸ்தான். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியோடு 28 பேர் எரிந்து செத்தார்களே, அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டதும் குடும்பம்தான். கூடாரம் மட்டும் போதாது. அதற்குள் வந்து உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும்.

அன்று மாலை நர்ஸ் சித்தியிடம் "யாரும் எதுவும் கலக்கலம்மா" என்று வாதாடவில்லை. ஆமாம் என்று தலையாட்டவும் இல்லை. "அப்படித் தோணுனா பயமாத்தான் இருக்கும்" என்றார். தோல் உரிக்காத வாழைப்பழம் இரண்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

சித்தி பழத்தை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உரித்து, முதல் துண்டை என்னிடம் நீட்டினார். பாசமெல்லாம் இல்லை, சோதித்துப் பார்க்கத்தான். சாப்பிட்டேன்.