பள்ளிச்சந்தமும் வறட்சி நிவாரணமும்

காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்கு மாணவருடன் செல்லும்போதெல்லாம் 'பள்ளிச்சந்தம்' என்னும் சொல்லை விளக்குவோம். சமணப் பள்ளிக்கு விடப்பட்ட நிலம் அது, பெரும்பாலும் இறையிலி. கோயில் நிலத்துக்கு வரி நீங்கியது. பஞ்சம் வந்தால் உழவனுக்கு என்ன கிட்டியது?

1876-78 தாது வருடப் பஞ்சத்தில் ஆங்கில அரசு உழைப்பைப் பெற்று உதவியது. சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் இணைப்புப் பகுதி அவ்வாறு வெட்டப்பட்டதே. 1877இல் அக்கூலியின் தானியப் பங்கும் நாளொன்றுக்கு ஒரு பவுண்டாகக் குறைக்கப்பட்டது.

2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. நிலவரி தள்ளுபடியாயிற்று, பாசன நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. நூற்றாண்டு கடந்த நல்ல மாற்றமே இது.

எனினும் அன்று உடலுழைப்பைக் கேட்ட அரசு, இன்று அடங்கலைக் கேட்கிறது. வாய்மொழிக் குத்தகையில் உழுபவன் பெயர் கல்லிலும் இல்லை, கணக்கிலும் இல்லை. அவனை எந்த ஏட்டில் தேடுவோம்?