கடலைத் தள்ளிக் கட்டிய பூங்கா

சனி, ஞாயிறு வந்தால் போதும், சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூட்டம் அலைமோதும். கடலை ஒட்டி சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை, சைக்கிள் பாதை, கூரை போட்ட இருக்கைகள், இறைச்சி சுடும் அடுப்புகள், கூடாரம் அடிக்க இடம்... பிறந்தநாள் விருந்து முதல் குடும்ப ஒன்றுகூடல் வரை எல்லாம் இங்கேதான். ஆனால் 1965ல் சிங்கப்பூர் தனி நாடானபோது இந்த இடத்தில் பூங்காவும் இல்லை, நிலமும் இல்லை. வெறும் கடல்தான் இருந்தது!

சின்னத் தீவு, பெருகும் மக்கள். வீடு கட்ட நிலம் வேண்டும். எனவே 1966ல் கிழக்குக் கரையில் கடலைத் தூர்க்கும் பெரிய திட்டம் தொடங்கியது. பிடோக், சிக்லாப் பகுதிகளில் இருந்த குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பெல்ட் மூலம் கடலில் கொண்டுவந்து கொட்டினார்கள். 1980களின் நடுப்பகுதி வரை நடந்த இந்த வேலையில் கிடைத்த நிலம் சுமார் 1,525 ஹெக்டேர். கொட்டிய மண்ணை அலை அரித்துவிடாமல் இருக்கக் கரையோரம் இடைவெளி விட்டுச் செயற்கை முனைகள் அமைத்தார்கள். அவற்றுக்கு நடுவே அலைகளே மணலைப் பிறை வடிவில் ஒதுக்கின. இன்று அழகாகத் தெரியும் அந்த வளைவுகள் இப்படி வந்தவைதான்.

புதிய நிலத்தில் மரீன் பரேட் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1981ல் திறந்த சாங்கி விமான நிலையத்துக்குப் போகும் விரைவுச்சாலையும் இதன் வழியே வந்தது. கடலோரம் மிச்சமிருந்த பட்டைதான் பூங்கா.

வரவு இவ்வளவு என்றால் செலவு என்ன? பழைய கரையில் மீன்பிடித்து வாழ்ந்த மலாய் கம்பங்களுக்குக் கடல் தூரமாகிப் போனது. 1930களில் உருவான காத்தோங் பூங்கா அன்றைக்குக் கடலோரப் பூங்கா. குடும்பம் குடும்பமாக வந்து, வேலி போட்ட கடல்பகுதியில் குளித்தார்கள். இன்று அங்கே நின்றால் கடலே தெரியாது.

இதே கதை இன்னொரு முறையும் நடக்கலாம். 2023 நவம்பரில் 'லாங் ஐலண்ட்' திட்டத்தை அரசு அறிவித்தது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு எதிரே சுமார் 800 ஹெக்டேர் புது நிலம், நடுவே ஒரு நீர்த்தேக்கம். முன்பு நிலத்துக்காகக் கடலைத் தள்ளினார்கள். இப்போது உயர்ந்துவரும் கடல்மட்டத்திலிருந்து தாழ்வான கிழக்குக் கரையைக் காப்பதும் சேர்ந்துகொண்டது. திட்டம் நிறைவேறினால் புதுத் தீவின் மறுபக்கத்தில் புதிய கடற்கரை கிடைக்கும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அதன் எதிரே பெரும்பகுதி திறந்த கடலாக இல்லாமல் நீர்த்தேக்கமாக இருக்கும்.

காரணம் நியாயமானதுதான். நாடு மூழ்கக் கூடாது. ஆனாலும் கணக்கை முழுதாக எழுத வேண்டும் அல்லவா? சேர்ந்த ஹெக்டேர் அறிக்கையில் வந்துவிடும். காத்தோங் கடலில் குளித்தவர்கள் இழந்ததை எந்தப் பத்தியில் எழுதுவது?