மூளையில் பிறக்கும் புதிய அணுக்கள்

விரலிலே கத்தி பட்டால் சில நாட்களில் புதுத்தோல் மூடிக்கொள்கிறது. முறிந்த எலும்பு கூடுகிறது. குருதியிலுள்ள சிவப்பணுக்களோ ஏறத்தாழ நான்கு மாதங்களே வாழ்கின்றன. அவற்றின் இடத்திற்குப் புதியவை இடைவிடாது வந்துகொண்டே இருக்கின்றன. மூளைக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை என்றே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. இளமையிலேயே சேர்ந்துவிட்ட நரம்பணுக்கள்தாம் மூலதனம். அதன் பிறகு செலவு உண்டு, வரவு கிடையாது என்பது அந்தப் பாடம். அது மெல்ல மெல்லத் தளர்ந்த வரலாற்றை நேயர்கள் அறிந்துகொள்வது பயனுடையது.

அப்பாடத்திற்குப் பெரும் அதிகாரம் அளித்தவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ காஹால். நரம்பு மண்டலத்தின் நுண்ணமைப்பை ஆராய்ந்து, 1906-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். நரம்பணுக்களின் வடிவத்தை வெள்ளி உப்புச் சாயத்தின் உதவியால் அவர் அற்புதமாக வரைந்து காட்டினார். ஆனால், உருப்பெருக்கியின் கீழ்த் தெரியும் ஓர் அணு எப்போது பிறந்தது என்று சொல்ல அந்தச் சாயத்தால் இயலாது. வளர்ந்த மூளையில் அணுக்கள் பிரிவதை அவர் காணவில்லை. ஆகவே பிரிவதில்லை என்று முடிவு செய்தார். தம் முடிவை வருங்கால விஞ்ஞானம் மாற்றக்கூடும் என்பதற்கு அவரே இடம் விட்டிருந்தார். பின்வந்தோர் முடிவை வைத்துக்கொண்டு, விட்ட இடத்தை மறந்தனர்.

அணுவின் பிறந்த நாளைக் குறிக்கும் கருவி 1950-களின் பிற்பகுதியில் கிடைத்தது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுப் பொருளை நகல் எடுத்தாக வேண்டும். அதற்கு வேண்டிய மூலப்பொருள்களில் ஒன்று தைமிடீன். அதிலே கதிர் வீசும் ஹைட்ரஜனைச் சேர்த்து ஒரு பிராணிக்குச் செலுத்தினால், அப்போது பிரிகின்ற அணுக்கள் மட்டுமே அதனை ஏற்கும். பின்னர் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, அவற்றின்மீது புகைப்பட ரசாயனத்தைப் பூசி இருட்டில் வைத்தால், புதிய அணுக்களின்மேல் கறுப்புப் புள்ளிகள் தோன்றும்.

புடாபெஸ்டில் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய ஜோசப் ஆல்ட்மன் இக்கருவியைக் கையாண்டார். வளர்ந்த பாலூட்டிகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் உண்டாகின்றனவா என்று 1962-இல் ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே கேட்டார். 1965-இல் அவரும் கோபால் தாஸ் என்ற விஞ்ஞானியும் சேர்ந்து, எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் பிறந்த பின்னரும் புதிய அணுக்கள் தோன்றுகின்றன என்று வெளியிட்டனர். கடற்குதிரையின் வடிவத்தை ஒத்ததால் அப்பகுதி அப்பெயர் பெற்றது. அதன் மதிப்பு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வலிப்பு நோய்க்காக 1953-இல் இருபுறமும் அப்பகுதியின் பெரும்பங்கை இழந்த ஹென்றி மொலைசன், அதன் பிறகு நடந்த எந்நிகழ்ச்சியையும் நினைவில் நிறுத்த முடியாமலே 2008 வரை வாழ்ந்தார். ஞாபகத்தின் வாயிலிலேயே புதிய அணுக்கள் பிறக்கின்றன என்றால், அது எவ்வளவு பெரிய செய்தி!

ஆயினும் பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. புள்ளி விழுந்தவை உண்மையில் நரம்பணுக்கள்தாமா என்று ஐயுற்றனர். மைக்கேல் காப்ளான் 1977-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியைக் கொண்டு அந்த ஐயத்திற்கு விடை கூறியும் நிலைமை மாறவில்லை. சோதித்து மறுப்பது விஞ்ஞானத்திற்கு அழகு. சோதியாமல் ஒதுக்குவது அழகன்று.

ஆனால் எதிர்த்தவர் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துவிடலாகாது. யேல் பல்கலைக்கழகத்தின் பாஸ்கோ ராகிச் அதே தைமிடீன் முறையால் குரங்குகளைச் சோதித்து, வளர்ந்த குரங்கின் மூளையில் புதிய நரம்பணுக்களைக் காணவில்லை என்று 1985-இல் அறிவித்தார். அவர் காட்டிய காரணமும் சிந்திக்கத்தக்கது. கற்றதை ஆயுள் முழுதும் காக்க வேண்டிய மூளை, தன் அணுக்களை அடிக்கடி மாற்றினால் கற்றது நிலைக்குமா?

அதற்குச் சற்று முன்னரே கானரிப் பறவைகள் வேறு கதை கூறின. நியூயார்க்கில் பெர்னாண்டோ நாட்டபாம் 1980-களில் நடத்திய ஆய்வுகள், வளர்ந்த கானரியின் மூளையில் பாட்டுக்கு உரிய பகுதியிலே புதிய நரம்பணுக்கள் சேர்வதைக் காட்டின. குரங்கினத்தையும் விடவில்லை: 1998, 1999 ஆண்டுகளில் எலிசபெத் கோல்டும் அவருடைய குழுவினரும் வளர்ந்த குரங்குகளின் ஹிப்போகாம்பஸிலும் புதிய அணுக்களைக் கண்டனர்.

மனிதனை எவ்வாறு சோதிப்பது? சுவீடனில் சில புற்றுநோயாளிகளுக்கு, கட்டியின் வளர்ச்சியை அளப்பதற்காக, தைமிடீனைப் போன்ற ஓர் அடையாளப் பொருள் செலுத்தப்பட்டிருந்தது. அவர்களுள் ஐவர் இறந்த பின்னர், எரிக்சனும் கேஜும் அவர்களுடைய மூளைகளை ஆராய்ந்து, 1998-இல் புதிய நரம்பணுக்களைக் காட்டினர். அந்நோயாளிகள் ஐம்பத்தேழு வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள்.

அடுத்த சான்று அணுகுண்டிலிருந்து வந்தது. 1963-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு முன் வல்லரசுகள் வெட்டவெளியில் நடத்திய சோதனைகளால் காற்றில் கார்பன்-14 மிகுதியாயிற்று. பின்பு ஆண்டுதோறும் குறைந்து வந்தது. பயிர் வழியாக உணவிலும், உணவு வழியாக நம் உடலிலும் அது சேர்ந்தது. ஓர் அணு பிறந்தபோது அதன் மரபுப் பொருளில் பதிந்த அளவு, அது பிறந்த ஆண்டின் முத்திரையாக நிற்கிறது. அழிவுக்காகச் செய்த காரியம், எவரும் எண்ணாத வகையில், உலக மக்கள் அனைவர் மூளையிலும் தேதி குறித்துவிட்டது. ஸ்டாக்ஹோமில் பிரிசேன் குழுவினர் அம்முத்திரையைப் படித்து, வளர்ந்த மனிதனின் ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய நரம்பணுக்கள் சேர்வதாக 2013-இல் கணக்கிட்டனர்.

வழக்கு இத்துடன் முடியவில்லை. ஆல்ட்மனுக்கு 2011-இல், காஹால் பிறந்த ஸ்பெயின் நாட்டிலேயே, அஸ்தூரியாஸ் இளவரசர் பரிசு கிட்டியது. அதனைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர் ஆல்வரேஸ்-புய்யா. அவருடைய ஆய்வுக்கூடமே 2018-இல், குழந்தைப் பருவத்திற்குப் பின் மனித ஹிப்போகாம்பஸில் புதிய அணுக்களைக் காண இயலவில்லை என்று வெளியிட்டது! ஒரு மாதத்திற்குள், எழுபது வயது கடந்தவரிடமும் அவை உள்ளன என்று நியூயார்க்கிலிருந்து வேறொரு குழு கூறியது. இறந்த பின்னர் மூளையை எவ்வளவு விரைவில் பதப்படுத்துகிறோம், எவ்வளவு நேரம் பதத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அடையாளங்கள் மறைந்துவிடலாம் என்று 2019-இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். அல்சைமர் நோயாளிகளிடம் இளம் அணுக்கள் குறைந்திருந்ததையும் அவர்கள் கண்டனர். 2025-இல் ஸ்டாக்ஹோம் குழு, பிரியும் நிலையிலுள்ள தாயணுக்களையே முதிர்ந்தோரிடம் இனங்கண்டது. ஆயினும் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகுதி.

இவ்வணுக்களின் பணி என்ன? சக்கரத்தில் ஓடும் சுண்டெலிகளிடம் இவை பெருகுகின்றன. வயது ஏறுந்தோறும் குறைகின்றன. ஒன்றுபோல் தோன்றும் இரு இடங்களைப் பிரித்தறிய இவை துணைபுரிகின்றன. நேற்று சைக்கிளை நிறுத்திய இடத்தையும் இன்று நிறுத்திய இடத்தையும் குழப்பாமல் இருப்பது இத்தகைய வேலையே.

ஆனால் கனடாவின் டொராண்டோவில் 2014-இல் தெரிந்தது இதற்கு மறுபுறம். புதிய அணுக்கள் பழைய இணைப்புகளின் இடையே புகும்போது பழைய ஞாபகம் கலைகிறது. சுண்டெலிக் குஞ்சுகளிடம் புதிய அணுக்கள் மிகுதி. அவை கற்றதை விரைவில் மறந்தன. அணுப்பிறப்பைக் குறைத்தபோது மறதியும் குறைந்தது. முதிர்ந்த மூளையுடன் பிறக்கும் கினிப்பன்றிக் குட்டிகளோ கற்றதை மறக்கவில்லை; அவற்றிடம் அணுப்பிறப்பைக் கூட்டியபோது மறந்தன. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நடந்தவை நம் நினைவில் தங்காமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. அணுக்கள் மாறினால் கற்றது நிலைக்குமா என்று ராகிச் கேட்டாரே, அந்தக் கேள்விக்குக் கினிப்பன்றிக் குட்டி அளித்த விடை பாதி அவர் பக்கமே நிற்கிறது.