நான்கு சொல் எதிர்ப்பும் ராபின்ஸ் அறிக்கையும்

பொருளியல் படித்த எவரும் இலயனல் ராபின்ஸை மறந்திருக்க மாட்டார்கள். ஆடம் ஸ்மித்துக்குச் செல்வ இலக்கணம், மார்ஷலுக்கு நல இலக்கணம், ராபின்ஸுக்குப் பற்றாக்குறை இலக்கணம் என்று வரிசையாக மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியிருப்போம். மனிதனின் விருப்பங்களுக்கு எல்லை இல்லை, அவற்றை நிறைவேற்றும் சாதனங்களோ குறைவு, அந்தக் குறைந்த சாதனங்களையும் பல வழிகளில் பயன்படுத்தலாம். ஆகவே எதைத் தேர்வு செய்வது என்பதே பொருளியல் என்றார் அவர். 1932-இல் எழுதியது. நம் பாடப்புத்தகங்கள் அதோடு அவரை விட்டுவிடுகின்றன.

அதே மனிதர் முப்பது ஆண்டுகள் கழித்து, பிரிட்டனில் படித்தவர்களில் பெரும்பாலோர் பற்றாக்குறை என்று நம்பிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் பற்றாக்குறையே இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இளைஞர்களின் அறிவுத்திறன்தான் அது. கல்லூரி இடங்களை அதிகப்படுத்தலாமா கூடாதா என்று எந்த நாட்டில் சண்டை வந்தாலும் எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வரும். இரு தரப்பும் பேசுவது பெரும்பாலும் அன்று பேசியதுதான்.

1938-39இல் பிரிட்டனின் பல்கலைக்கழகங்களில் இருந்த மாணவர்கள் வெறும் 50,000 பேர். போருக்குப் பின் இது ஏறிக்கொண்டே போய் 1962-63இல் 1,18,000 ஆனது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளையும் தொழில்நுட்பக் கல்லூரிகளையும் சேர்த்தால் முழுநேர உயர்கல்வியில் 2,16,000 பேர். அப்படியும், பல்கலைக்கழகத்துக்குள் போனவர்கள் அந்த வயதினரில் நூற்றுக்கு நான்கு பேர்தான். போர் முடிந்ததும் பிறந்த குழந்தைகளின் பெருங்கூட்டம் 1965 வாக்கில் பதினெட்டு வயதை எட்டப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதற்கு என்ன செய்வது என்று பார்க்கத்தான் 1961 தொடக்கத்தில் மாக்மில்லனின் கன்சர்வேடிவ் அரசு ராபின்ஸ் தலைமையில் குழு அமைத்தது.

குழு அமைவதற்கு முந்தைய ஆண்டே எதிர்ப்பாளர்களுக்கு ஒரு முழக்கம் கிடைத்துவிட்டது. 'லக்கி ஜிம்' நாவலால் புகழ்பெற்ற கிங்ஸ்லி ஏமிஸ் அப்போது ஸ்வான்சீ பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர். 1960-இல் 'என்கவுன்ட்டர்' இதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் நான்கே ஆங்கிலச் சொற்கள். எண்ணிக்கை கூடினால் தரம் கெடும் என்பது பொருள். அதைப் பெரிய எழுத்துகளில் அச்சிடவும் செய்தார். இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

ஏமிஸை நையாண்டி செய்துவிட்டுப் போவது எளிது. பலரும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் அவர் கோட்டைக்குள் பிறந்த பிரபு அல்லர். குமாஸ்தா வீட்டுப் பிள்ளை, உதவித்தொகையில் படித்து மேலே வந்தவர். தினமும் வகுப்பறையில் நின்றவர். தாய்மொழி இலக்கியமே பிடிபடாமல் மூன்றாண்டுகள் உட்கார்ந்துவிட்டுப் போகும் மாணவர்களைக் கண்ணால் பார்த்தவர். கல்லூரியில் பாடம் நடத்திய யாருக்கும் அந்த அலுப்பு புரியும். எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த அலுப்பு எதற்குச் சாட்சி? வகுப்புக்குள் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றித்தான். வாசலுக்கு வெளியே நிற்பவர்கள் இவர்களைவிட மட்டமானவர்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. உள்ளே இருப்பவர் எல்லோரும் திறமையால் மட்டுமே உள்ளே வந்தார்கள், வெளியே இருப்பவர் எல்லோரும் திறமைக் குறைவால் மட்டுமே வெளியே நிற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால்தான் அவர் முடிவு சரியாகும்.

ராபின்ஸ் குழு கைவைத்தது இந்த இடத்தில்தான். குழுவின் புள்ளிவிவர ஆலோசகர் கிளாஸ் மோசர். நாஜிகளிடமிருந்து தப்பி, பெர்லினிலிருந்து சிறுவனாக இங்கிலாந்து வந்தவர். 1940-41இல் பிறந்த, அப்போது இருபத்தொரு வயதான இளைஞர்களை மாதிரி எடுத்து, அவர்களுடைய தகப்பனாரின் தொழில், படித்த பள்ளி, போய்ச் சேர்ந்த படிப்பு எல்லாவற்றையும் விசாரித்தார்கள். டாக்டர், வக்கீல் போன்ற உயர்தொழில் செய்பவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 45 பேர் முழுநேர உயர்கல்விக்குப் போயிருந்தார்கள். தொழில்திறன் உள்ள உடலுழைப்பாளர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 4 பேர். தொழில்திறன் இல்லாத கூலிக்காரர்களின் பிள்ளைகளில் 2 பேர்.

இதற்கும் எதிர்த்தரப்பு பதில் வைத்திருந்தது: அறிவு பரம்பரையாக வருவது, ஆகவே இந்த வித்தியாசம் இயற்கைதான் என்று. குழு அதையும் விடவில்லை. பதினொரு வயதில் தேர்வு எழுதிச் சேரும் கிராமர் பள்ளிகளில், அந்த வயதில் அளந்த அறிவுத்திறன் ஒரே அளவாக இருந்த பிள்ளைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே திறன், ஒரே வகைப் பள்ளி. அப்படியும் பட்டப்படிப்புக்குப் போன உடலுழைப்பாளர் பிள்ளைகளின் விகிதம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதிதான். ஆக, வெளியே திறமை நிற்கிறது. அது வாசலுக்கு வராமலே வேலைக்குப் போய்விடுகிறது. பெண்கள் கதையும் இதேதான். பல்கலைக்கழக மாணவர்களில் அவர்கள் ஏறக்குறைய கால் பங்கு.

இன்னொன்றையும் காட்டினார்கள். மாணவர் எண்ணிக்கை இரட்டிப்பாகியும், பட்டம் வாங்காமல் இடையில் வெளியேறுபவர்களின் விகிதம் கூடவில்லை. ஏழு பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே நின்றது. இந்தச் சான்றை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன். தேர்வு வைப்பதும் தேர்ச்சி போடுவதும் அதே பல்கலைக்கழகம்தான். மாணவர் மட்டம் இறங்கினால் வினாத்தாளின் மட்டமும் சத்தமில்லாமல் இறங்கலாம். அறிக்கையின் உண்மையான பலம் முந்தைய கணக்கில் இருக்கிறது, இதில் இல்லை.

தரம் என்ற சொல்லும் இந்தச் சண்டையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஓர் ஊரில் ஒரே ஒரு டாக்டர், கைராசிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு சுமாரான ஒன்பது பேர் வருகிறார்கள். டாக்டர்களின் சராசரித் திறமை இறங்கிவிட்டது உண்மைதான். அதனால் ஊர் கெட்டுப்போயிற்று என்று யாராவது சொல்வார்களா? பழைய டாக்டரின் கைராசி எங்கும் போகவில்லை. புதியவர்கள் வந்ததால் அவருக்குக் கொடுத்த மருந்தும் கருவியும் பங்குபோனால் மட்டுமே ஊருக்கு நஷ்டம். ஏமிஸ் வாதத்தில் சராசரி இறங்குவதும் பழையது கெடுவதும் ஒன்றாகவே கலந்து கிடந்தன.

அறிக்கை 1963 அக்டோபர் 23 அன்று வெளியானது. திறமையும் தகுதியும் உள்ள, படிக்க விரும்புகிற எவருக்கும் உயர்கல்வியில் இடம் இருக்க வேண்டும் என்பது அதன் ஆதாரக் கொள்கை. 2,16,000 என்பது 1973-74இல் 3,90,000, 1980-81இல் 5,60,000 ஆக வேண்டும் என்றது. சில நாட்களுக்கு முன்புதான் பிரதமராகியிருந்த டக்ளஸ்-ஹோமின் அரசு மறுநாளே அதை ஏற்றது. அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். போகிறபோக்கில் ஒன்று: சசெக்ஸ், யார்க், வாரிக் போன்ற புதிய பல்கலைக்கழகங்களை ராபின்ஸ் கணக்கில் எழுதுபவர்கள் இன்றும் உண்டு. அவற்றுக்கெல்லாம் அறிக்கைக்கு முன்பே அனுமதி கிடைத்துவிட்டது. அறிக்கையால் அந்தஸ்து உயர்ந்தவை உயர்தொழில்நுட்பக் கல்லூரிகள்தான்.

விரிவாக்கத்தை ஆதரித்தவர்களின் பேச்சிலும் ஓட்டை இருந்தது. அமெரிக்காவைப் பார், சோவியத்தைப் பார் என்பது ஒன்று. அங்கே பட்டம் என்று எண்ணப்படுவதும் இங்கே எண்ணப்படுவதும் ஒன்றா என்று கேட்டால் பதில் நீளும். பட்டதாரிகள் பெருகினால் பொருளாதாரம் தானாக வளரும் என்பது இன்னொன்று. பொருளியல் அறிஞரான ராபின்ஸே அதைத் தூணாக வைக்கவில்லை. நாட்டுக்கு இத்தனை ஆள் தேவை என்ற கணக்கின்மேலும் அவர் பெரும்பாலும் போகவில்லை. படிக்கத் தகுதி உள்ளவர்கள் எத்தனை பேர் என்றே எண்ணினார். அந்த எண்ணிக்கையும் முழுக்கப் பலிக்கவில்லை. முதல் சில ஆண்டுகளில் தகுதி பெற்றவர்கள் அவர் கணித்ததைவிட அதிகமாக வந்தார்கள். 1970களில் வேகம் குறைந்து, உயர்கல்விக்கு வரும் இளைஞர்களின் விகிதம் பதின்மூன்று, பதினான்கு சதவீதத்திலேயே தேங்கியது. 1980-க்கு அவர் எதிர்பார்த்தது பதினேழு.

அந்தக் குழுவில் இருந்த லயனல் எல்வின், லண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனத்தின் இயக்குநர். இவரே அடுத்த ஆண்டு நம் நாட்டின் கோத்தாரி கல்விக் குழுவிலும் உறுப்பினர். 1966-இல் வந்த கோத்தாரி அறிக்கை ராபின்ஸுக்கு ஏறக்குறைய எதிர்த்திசையில் பேசியது. வேலைவாய்ப்பின் தேவையைப் பார்த்து உயர்கல்வி இடங்களைத் திட்டமிட வேண்டும், தேர்ந்தெடுத்தே சேர்க்க வேண்டும் என்றது. ஒரே மனிதர் இரண்டிலும் எப்படி இருந்தார் என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை. பிரிட்டனில் 1962 முதல், முழுநேரப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்த பிள்ளைக்குக் கட்டணத்தோடு குடும்ப வசதியைப் பார்த்துச் செலவுப் பணமும் அரசே கொடுத்தது. இங்கே தொடக்கப்பள்ளிக்கே கூரை போதவில்லை. கோத்தாரி சொன்ன கட்டுப்பாட்டை இங்குள்ள அரசியல் ஏற்கவில்லை. கல்லூரிகள் பெருகத்தான் செய்தன.

பணம் என்ற இந்தச் சங்கதி 1960களின் பிரிட்டன் விவாதத்தில் ஓரமாகவே இருந்தது. அன்று எட்டு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவில் பல்கலைக்கழகங்கள் நடந்தன. விரிவாக்கத்தின் முதல் பத்தாண்டில் அரசு பணத்தையும் கூடவே அனுப்பியது. ஏமிஸ் பயந்தபடி நடந்துவிட்டது என்று காட்ட உருப்படியான சான்று எதுவும் எழவில்லை. அவர் மட்டும் மனம் மாறவில்லை. 1963-இல் ஆசிரியப் பணியை விட்டவர், 1969-இல் கல்வி பற்றிய 'பிளாக் பேப்பர்' தொகுப்பிலும் எழுதினார். பணம் வெட்டப்பட்டது 1981-இல், தாட்சர் காலத்தில். சால்ஃபர்ட் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் மானியத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போயிற்று. பிறகு 1980களின் இறுதியில் கதவு மறுபடி திறந்து, உயர்கல்விக்கு வருபவர்கள் சில ஆண்டுகளிலேயே பதினைந்து சதவீதத்திலிருந்து முப்பதைத் தாண்டினார்கள். இந்த முறை பணம் கூட வரவில்லை. 1997-இல் ரான் டியரிங் குழு கணக்குப் பார்த்தபோது, இருபது ஆண்டுகளில் ஒரு மாணவருக்கு அரசு தந்த தொகை நாற்பது சதவீதம் குறைந்திருந்தது. ஏமிஸ் சொன்னது பலித்துவிட்டது என்று அப்போது பல ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். வகுப்பில் கூட்டம், திருத்த முடியாத கட்டுரைக் குவியல் எல்லாம் உண்மை. ஆனால் ஏமிஸ் குற்றம் சாட்டியது பிள்ளைகளின் மூளையை. இங்கே குறைந்துபோனது தலைக்கு இத்தனை பவுண்டு என்ற தொகை.

அடுத்த ஆண்டே ஆயிரம் பவுண்டு கட்டணம் வந்தது. இங்கிலாந்தில் 2006-இல் அது மூவாயிரம், 2012-இல் ஒன்பதாயிரம் வரை போயிற்று; கட்டுவதற்குக் கடன். ராபின்ஸ் குழு மாணவர் கடனைப் பற்றியும் யோசித்திருந்தது. அப்போதைக்கு வேண்டாம் என்றதற்கு அது சொன்ன காரணங்களில் ஒன்று நம் ஊர்க்காரர் எழுதியது போலவே இருக்கும். பெண் பிள்ளைகளைப் படிக்கவைக்க ஏற்கெனவே தயங்கும் பெற்றோர் இன்னும் தயங்குவார்கள். படித்த கடனோடு புகுந்த வீட்டுக்குப் போவது வரதட்சணையைத் தலைகீழாகக் கொண்டுபோவது மாதிரி ஆகிவிடும் என்று. ராபின்ஸ் பின்னாளில் கடன் முறைக்கு ஆதரவாகவே பேசினார்.