ஈசினோபிலிக் உணவுக்குழாய் அழற்சி: கண்டறிதலும் கண்காணிப்பும்

ஒவ்வாமையில் பெருகும் ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் உணவுக்குழாயின் உட்சுவரில் குவிவதால் வரும் நாட்பட்ட நோய் இது. கவனிக்காமல் விட்டால் குழாய் தழும்பேறிச் சுருங்கும். 1990களின் தொடக்கத்தில் அட்வுட், ஸ்ட்ராவ்மன் ஆகியோரின் ஆய்வுகளால் தனி நோயாக அடையாளம் பெற்றது. ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது. குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள், சாப்பிட மறுப்பார்கள். பெரியவர்களுக்குச் சோறும் இறைச்சியும் நெஞ்சில் அடைக்கும்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் மடவை, இறால், நண்டு புழங்காத வீடு அரிது. தொண்டையில் ஏதோ நிற்கிறது என்றால் மீன் முள் நினைவுக்கு வருவது இயல்பு; சோற்றுருண்டையை விழுங்கச் சொல்வதும் வழக்கம். சுருங்கிய குழாயில் அந்த உருண்டையே அடைப்பாகிவிடலாம். முள் இல்லாமலே அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால் இந்நோயைச் சந்தேகிக்க வேண்டும். எச்சிலைக்கூட விழுங்க முடியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எண்டோஸ்கோப்பியில் வளையங்கள், நீளவாட்டுப் பள்ளங்கள், வெண்புள்ளிகள், வீக்கம், சுருக்கம் ஆகியவை தெரியலாம். சிலருக்குக் குழாய் இயல்பாகவே தோன்றும். ஆகவே வெவ்வேறு உயரங்களில் குறைந்தது 6 திசுத்துணுக்குகள் எடுக்கப்படுகின்றன. நுண்ணோக்கியின் உயர்திறன் பார்வைப் பரப்பு ஒன்றில் 15 அல்லது அதற்கு மேல் ஈசினோபில்கள் இருந்து, வேறு காரணங்களும் விலக்கப்பட்டால் நோய் உறுதியாகும். குடற்புழுத் தொற்றிலும் இரத்தத்தில் இந்த அணுக்கள் கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை, விழுங்கும் வகை ஸ்டீராய்டு, உணவு விலக்கு ஆகியவை முதன்மைச் சிகிச்சைகள். 2022இல் இந்நோய்க்கு டூபிலுமாப் ஊசியைப் பயன்படுத்த அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

விழுங்குவது எளிதானதும் நோய் போய்விட்டதாக நினைப்பது ஆபத்து. மென்று மென்று, தண்ணீர் குடித்துச் சமாளிக்கப் பழகியவருக்கு உள்ளே அழற்சி தொடரலாம். அதனால் சிகிச்சை தொடங்கிய 8 முதல் 12 வாரங்களில் மறுபடியும் எண்டோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும் தேவை. ஆனால் பழவேற்காடு ஏரியில் முறை வைத்து மீன்பிடிக்கும் பாடு முறையில் தன் முறையை இழப்பவருக்கு வருமானம் போகும்; பரிசோதனைக்காகச் சென்னைக்கு வர வேண்டிய நாளை அதற்கேற்பக் குறித்துக் கொடுப்பது கண்காணிப்பு தொடர உதவும்.

மீனை நிறுத்த வேண்டுமா என்பதே மீனவக் குடும்பத்தின் முதல் கேள்வியாக இருக்கும். பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகள், மீனும் ஓட்டு மீன்களும் என ஆறு வகைகளை விலக்குவது பழைய முறை. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பெரியவர்கள் 129 பேர் பங்கேற்றனர். ஆறையும் விலக்கியவர்களில் 40 விழுக்காட்டினருக்கும், பாலை மட்டும் விலக்கியவர்களில் 34 விழுக்காட்டினருக்கும் திசு அழற்சி தணிந்தது; இந்த வேறுபாடு புள்ளியியல்படி முக்கியமானதல்ல. ஆகவே மருத்துவரின் மேற்பார்வையில் பாலையும் பால் பொருள்களையும் மட்டும் முதலில் நிறுத்திப் பார்க்கலாம். திசுப் பரிசோதனை முடிவு வரும்வரை மடவைக் குழம்பு தொடரலாம்.